பினாங்கு என்றால் எந்தக் கரை?

கோலாலம்பூர்–பினாங்கு தடத்தில் விரைவுப் பேருந்து விடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

பட்டர்வொர்த்தும் பூலாவ் பினாங் மாநிலத்துக்குள்தான் இருக்கிறது, ஆகவே பயணி டிக்கெட்டில் உள்ள இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டார், பணம் எதுவும் திருப்பித் தருவதற்கில்லை. என் அம்மாவைத் தீவுக்குக் கொண்டுபோகாமல் நள்ளிரவில் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டதற்காக நான் கொடுத்த புகாருக்கு, உங்களில் ஒரு நிறுவனம் அனுப்பிய பதில் இவ்வளவுதான். மலாயில் நான்கு வரி. அதுவும் 19 நாள் கழித்து.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. டிக்கெட் எண், பஸ் எண் எல்லாம் போட்டு அவர்களுக்குத் தனியாக எழுதியாயிற்று. ஆனால் இந்தத் தடத்தில் இருபது வருஷமாகப் போய் வருகிறேன். இது ஒரு நிறுவனத்தின் பழக்கம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. கோபம் வருவதே அதனால்தான். தீவுக்கும் பூலாவ் பினாங் என்றுதான் பெயர், மாநிலத்துக்கும் அதே பெயர்தான். மாநிலத்தின் பெரிய பகுதி எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறை. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் எல்லாம் அந்தப் பக்கம். ஜோர்ஜ்டவுன், ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ் தீவுப் பக்கம். நடுவில் கடல். பினாங்கில் பிறந்தவர்கள் பினாங்கு என்றால் தீவைத்தான் சொல்வார்கள். பட்டர்வொர்த்காரர்கூட பெர்ரி ஏறப் போகும்போது ‘பினாங்குக்குப் போயிட்டு வர்றேன்’ என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். பூலாவ் என்ற சொல்லுக்கே தீவு என்றுதான் பொருள். தீவு என்று அச்சடித்து டிக்கெட்டை விற்றுவிட்டு, தீவில் இல்லாத இடத்தில் ஆளை இறக்கிவிட்டு, மாநிலம் ஒன்றுதானே என்று சொல்வது வக்கீல் பேசுகிற பேச்சு. பஸ் விடுகிறவர் பேசக்கூடியது இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் தம்பியோடு இருக்கிறார். நான் கோலாலம்பூரில், செந்தூலில். பேரனுக்குக் காது குத்துகிறோம் என்று வந்தவர், ஒரு வாரம் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். பகல் பஸ் எல்லாம் நிறைந்துவிட்டது. மாலை 6.30 பஸ்ஸில்தான் இடம் இருந்தது. கைப்பேசியில், அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலேயே வாங்கினேன். 42 ரிங்கிட். புறப்படும் இடம் கோலாலம்பூரின் விரைவுப் பேருந்து நிலையமான டிபிஎஸ் என்று தெளிவாகப் போட்டிருந்தது. சேரும் இடம் ‘பூலாவ் பினாங்’. அம்மாவின் பெயர், அடையாள அட்டை எண், என் கைப்பேசி எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது, விட்டால் சிவப்புக் கோடு வரும்.

செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறினால் வண்டி மாறாமல் நேரே பண்டார் தாசேக் செலாத்தான். அங்கிருந்து நடைபாலத்தில் போனால் டிபிஎஸ். அம்மா கையில் ஒரு துணிப்பை, என் கையில் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய இட்லிப் பானை. நான்கு தட்டு. மூடி கழன்று விழாமல் இருக்க ராஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தூக்க ஒரு பிடியும் போட்டிருந்தோம். பஸ் 45 நிமிடம் தாமதம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பெரிதுபடுத்தவும் நாங்கள் நினைக்கவில்லை. பஸ் வந்ததும் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்த ஓட்டுநரிடம், “சுங்கை நிபோங்?” என்று, தீவிலுள்ள பஸ் நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். இட்லிப் பானையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டே தலையாட்டினார். அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

ரவாங் தாண்டியதும் அம்மா கூப்பிட்டார். “கெளம்பிட்டோம்யா. எழுபத்தொரு வயசுல எனக்கு இன்னொரு தாலி கட்டிவிட்டான் டிரைவர்” என்று ஒரே சிரிப்பு. இருக்கை வாரைத்தான் சொல்கிறார். மலாயில் தாலி பிங்காங். 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளில் அது கட்டாயம். ஓட்டுநர் ஒவ்வொரு வரிசையாக வந்து, எல்லாரும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாராம். நல்ல காரியம், பாராட்டுகிறேன். வரிசை வரிசையாக நின்று ஒரு விஷயத்தைச் சொல்ல உங்கள் ஆட்களால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அன்று இரவு அம்மாவிடமிருந்து வந்த கடைசி அழைப்பு அது. பேரன் பகலெல்லாம் விளையாடித் தீர்த்த கைப்பேசி, ஈப்போவுக்கு முன்பே அணைந்துவிட்டது.

தம்பி பதினொன்றரைக்கே சுங்கை நிபோங் போய்விட்டான். பன்னிரண்டு மணிக்கு எனக்கு அடித்தான். “அண்ணே, அம்மா போன் அடைச்சிருக்கு. பஸ்ஸும் வரல.” தாமதமாகத்தானே கிளம்பியது, பொறு என்றேன். பன்னிரண்டரைக்கு மறுபடி அடித்தான். டிக்கெட்டில் இருந்த வாடிக்கையாளர் எண்ணுக்கு நான் அழைத்தேன். அலுவலக நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை என்று ஒரு பெண் குரல் பதிவு. மூன்று முறை கேட்டேன். நள்ளிரவில் பஸ் ஓட்டுகிறீர்கள், ஆறு மணிக்குத் தொலைபேசியைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள்.

அந்த நேரத்தில் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 9 அதிகாலையில் கெரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு இந்த நாட்டில் வர வேண்டிய பஸ் வரவில்லை என்றால் பெற்றவர்கள், பிள்ளைகள் மனசு நேரே அங்கேதான் போகும். என் மனைவி கைப்பேசியில் ‘பஸ் விபத்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலை’ என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவளும் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

1.20-க்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மலாய்ப் பெண். “மக் சிக் என்கூடத்தான் இருக்காங்க, ஒன்றும் இல்லை, பட்டர்வொர்த்தில் இருக்கிறோம்” என்று மலாயில் முதலில் அதைத்தான் சொன்னாள். மக் சிக் என்றது அம்மாவை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்று.

அம்மாவின் சுருக்குப்பையில் நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்று எப்போதும் இருக்கும். பின்பக்கம் எங்கள் மூன்று பேர் எண்களும் பென்சிலில். இந்தக் காலத்தில் எதற்கம்மா இது என்று கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு உங்கள் கணினி, செயலி, மின்னஞ்சல் எதுவும் செய்யாத வேலையை அந்தத் தாள்தான் செய்தது.

அங்கே நடந்ததை அந்தப் பெண்ணும் அம்மாவும் சொன்னார்கள். சுங்கை பேராக் ஆர் அண்ட் ஆரில், அதாவது நெடுஞ்சாலை ஓய்விடத்தில், பஸ் நின்றபோது, ஓட்டுநருக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. பட்டர்வொர்த்தோடு முடித்துவிடு, தீவுக்குப் போக வேண்டாம். பஸ்ஸில் தீவுக்குப் போகிறவர்கள் ஆறு பேர்தான். அந்த ஆறு பேரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பட்டர்வொர்த் வந்து, எல்லாரும் இறங்கியபோது இவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்க, “ஹபிஸ், செமுவா தூருன்”, முடிந்தது, எல்லாரும் இறங்குங்கள் என்று சொன்னபோதுதான் தெரிந்தது. மணி 12.50. பெர்ரி இல்லாத நேரம். “பினாங்கு வந்துட்டோம், மக் சிக். இதுவும் பினாங்குதான்” என்றாராம் ஓட்டுநர். ஆக, நான்கு வரிக் கடிதத்தில் வந்த அந்த வாதம் அலுவலகத்தில் யோசித்து எழுதியது இல்லை. ஏற்கெனவே சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஓட்டுநரை நான் குறை சொல்லவில்லை. ஐந்தரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்த மனிதர். இட்லிப் பானையைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்து, நிலைய வாசலில் வெளிச்சமாக இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். மேலிடம் சொன்னதைச் செய்தார். மேலிடத்திடம்தான் என் பேச்சு.

பதினொரு மணி வாக்கில் உங்களுக்குத் தெரியும், இந்த ஆறு பேரும் தீவுக்குப் போகப் போவதில்லை என்று. அந்த ஆறு பேரின் எண்களும் உங்கள் கணினியில் இருக்கின்றன. ஒரு குறுஞ்செய்தி. அது வந்திருந்தால் தம்பி பாலத்தைத் தாண்டி வந்து பஸ்ஸுக்கு முன்பாகவே பட்டர்வொர்த்தில் நின்றிருப்பான். பஸ் தீவுக்குப் போகாததைக்கூட, எரிச்சலோடு ஆனாலும், நாங்கள் பொறுத்துக்கொண்டிருப்போம். சலுகை விலை, பள்ளி விடுமுறைத் தள்ளுபடி என்று அதே எண்ணுக்கு அதற்குப் பிறகு மட்டும் மூன்று செய்தி வந்திருக்கிறது. எண் சரியாகத்தான் இருக்கிறது.

தீவுக்குப் போகாமல் விட்டதன் கணக்கும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. பினாங்குப் பாலம் 1985-ல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தான், திரும்பி வரும்போது கிடையாது. ஆறு பேருக்காகப் பாலம் ஏறினால் டோல், டீசல், ஓட்டுநருக்கு இன்னும் ஒரு மணி நேரம். வியாபாரம் என்றால் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும், சரி. ஆனால் நீங்கள் மிச்சம் பிடித்த அந்த டோலைக் கடைசியில் என் தம்பி கட்டினான். அவனுடைய மைவி காரில் அம்மா, அந்த மாணவி, ஒரு வயதான சீனத் தம்பதி, இட்லிப் பானை எல்லாம் அடைத்துக்கொண்டு தீவுக்குத் திரும்பினார்கள். மீதி இருவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகும் நேப்பாளத் தொழிலாளர்கள். காலை வேலை. காரில் இடம் இல்லை. அவர்கள் கிராப் வாடகைக் கார் பிடித்து 38 ரிங்கிட் கொடுத்துப் போனார்களாம். 42 ரிங்கிட் டிக்கெட்டுக்குமேல் 38 ரிங்கிட். தம்பி இன்றைக்கும் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிறவர்களில் முதல்முறை பினாங்கு போகிறவர்களும் இருக்கலாம். தீவில் விரைவுப் பேருந்து நிலையம் சுங்கை நிபோங்கில், பாலத்துக்குப் பக்கம். எதிர்க்கரையில் இருப்பது பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரல், 2018-ல் திறந்தது. ரயில் நிலையமும் பெர்ரித் துறையும் அதை ஒட்டியே இருக்கின்றன. பகலில் அங்கே இறங்கினால் பெர்ரி பிடித்து ஜோர்ஜ்டவுன் போவது சுகமான பயணம். 2023-லிருந்து புதிய பெர்ரிகள் ஓடுகின்றன, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும் ஏற்றுகின்றன. பெயரைப் பாருங்கள்: பினாங்கு சென்ட்ரல், ஆனால் தீவில் இல்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தை நீங்கள் உண்டாக்கவில்லை. அதற்குள் ஒளிந்துகொள்வதுதான் நீங்கள் செய்கிற வேலை.

ரயில்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. இடிஎஸ் மின்ரயில் டிக்கெட்டில் பட்டர்வொர்த் என்றுதான் இருக்கும். ரயிலுக்குப் பாலம் கிடையாது, அதனால் பொய் சொல்லவும் வழி கிடையாது என்பீர்கள். இருக்கட்டும். எழுதியிருக்கிற ஊரில் இறங்கலாம் என்ற நிம்மதி அதில் இருக்கிறது. இடிஎஸ் கிடைக்காதவர்கள்தான், அல்லது அந்தக் காசு கொடுக்க முடியாதவர்கள்தான் உங்களிடம் வருகிறோம்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்ததுதான். போன தீபாவளிக்கு முந்தின நாள் நான், மனைவி, மகன் மூவரும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். வேறு நிறுவனம். டிக்கெட்டில் இருந்த பெயரைத் தேடிக்கொண்டு புறப்பாட்டு வாசலில் நின்றோம். அந்தப் பெயரில் பஸ்ஸே வரவில்லை. பக்கத்துத் தடத்தில் வேறொரு பெயர் எழுதிய சிவப்பு பஸ் ஒன்று ஆளேற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாள், அதில் பேனாவால் என்னவோ எழுதி, பாதி மடங்கியிருந்தது. துப்புரவு வேலை செய்யும் அண்ணன் ஒருவர், எங்கள் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாரோ என்னவோ, வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். “தம்பி, பினாங்கா? அந்தச் செவப்பு பஸ்தான் இன்னைக்கு உங்க பஸ்.” ஓடிப்போய் ஏறினோம். எங்களோடு அதே டிக்கெட் வைத்திருந்த இரண்டு வங்காளதேசத் தம்பிகளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இருக்கை காலியாகவே வந்தது. அவர்கள் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: பஸ் வந்தது, நீங்கள்தான் வரவில்லை.

பண்டிகைக் காலத்தில் பஸ் போதாமல் வெளி பஸ் எடுத்து ஓட்டுவதில் தப்பில்லை. எந்த பஸ் என்று சொல்லாமல் ஓட்டுவதுதான் தப்பு.

கோலாலம்பூரின் பழைய பஸ் நிலையமான புடுராயா காலத்து ஆட்களுக்கு உலாட் டிக்கெட் ஞாபகம் இருக்கும். உலாட் என்றால் புழு. கையைப் பிடித்து இழுத்து, இரண்டு மடங்கு விலை சொல்லி, இல்லாத பஸ்ஸுக்கு டிக்கெட் விற்ற கூட்டம். 1976-ல் கட்டிய அந்தக் கட்டடத்தில், கீழ்த்தளத்துப் புகைக்குள் படியிறங்கிப் போக வேண்டும். 2011-ல் தென்பகுதி பஸ்களும், 2015-ல் வடபகுதி பஸ்களும் டிபிஎஸ்ஸுக்குப் போன பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. குளிர்சாதனம், பெரிய திரை, எல்லாம் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த உலாட்டுக்குக்கூட பஸ் எங்கே போய் நிற்கும் என்று தெரியும். “சுங்கை நிபோங்கா, பட்டர்வொர்த்தா?” என்றுதான் முதல் கேள்வியே கேட்பான்.

சின்ன விஷயங்கள் வேறு இருக்கின்றன. பஸ் வழியில் எங்கே நிற்கும் என்று டிக்கெட்டில் கிடையாது. தாப்பாவா, சுங்கை பேராக்கா, நிற்கவே நிற்காதா? ஓட்டுநரின் வயிறுதான் முடிவு செய்கிறது. அம்மாவுக்கு இனிப்பு நீர் வியாதி. மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். எப்போது நிற்கும் என்று தெரியாததால் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டே வருவார். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை, ஒரு வரி போதும்.

இப்போது கேட்கிறேன்.

டிக்கெட்டில் மாநிலத்தின் பெயரைப் போடாதீர்கள். நிலையத்தின் பெயரைப் போடுங்கள். ‘சுங்கை நிபோங்’ அல்லது ‘பட்டர்வொர்த்’. இரண்டு இடத்திலும் நிற்கும் என்றால் இரண்டையும், எது முதலில் என்ற வரிசையோடு. விற்கும் பக்கத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும், பணம் கட்டிய பிறகு வரும் தாளில் மட்டும் அல்ல. வழியில் ஆர் அண்ட் ஆரில் நிற்கும் என்றால் எங்கே, ஏறக்குறைய எத்தனை மணிக்கு என்பதையும் கீழே எழுதுங்கள்.

இறங்கும் இடம் மாறினால், பஸ் மாறினால், தாமதமானால், நீங்கள் கேட்டு வாங்கிய அந்த எண்ணுக்கு உடனே செய்தி அனுப்புங்கள். பஸ் மாறும்போது பதிவு எண்ணோடு அனுப்புங்கள். வண்டி புறப்பட்ட பிறகு இறங்கும் இடத்தை மாற்றினால், மிச்சத் தூரத்துக்கு வாகனம் ஏற்பாடு செய்வது உங்கள் செலவு, உங்கள் பொறுப்பு. அதைச் செய்ய முடியாது என்றால் ஒரே ஓர் ஆள் இருந்தாலும் பாலம் ஏறுங்கள்.

இருக்கை வாரைச் சொல்கிற அதே நேரத்தில், அதே ஓட்டுநர், இந்த பஸ் எங்கெங்கே நிற்கும், கடைசியாக எங்கே நிற்கும் என்பதையும் சொல்லட்டும். அரை நிமிடம் ஆகாது. முன்கண்ணாடிக்குப் பின்னாலும், உள்ளே ஏறியதும் கண்ணில் படும் இடத்திலும் நிறுத்தங்களின் பெயர்களை எழுதி ஒட்டுங்கள். அதில் தமிழும் இருக்கட்டும். ஜோர்ஜ்டவுன் தெருப் பெயர்ப்பலகைகளில் 2008-லேயே தமிழ் ஏறிவிட்டது. அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. வங்காளமும் நேப்பாளியும் சேர்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நள்ளிரவு பஸ்ஸில் பாதிப் பேர் அவர்கள்தான்.

அன்றைய கடைசி பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேரும் வரை ஒரு மனிதர் எடுக்கும் தொலைபேசி எண் ஒன்று வேண்டும். பதிவுக் குரல் வேண்டாம். பஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் போதும், இனிமையாகப் பேச வேண்டும் என்றுகூட இல்லை.

அந்த நான்கு வரி எழுதிய நிறுவனத்துக்கு மட்டும் தனியாக: அன்றிரவு இறக்கிவிட்ட ஆறு பேரின் பெயரும் எண்ணும் உங்களிடம் இருக்கின்றன. ஆறு பேருக்கும் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த நேப்பாளத் தொழிலாளர்களுக்கு 38 ரிங்கிட்டையும் சேர்த்து. முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் எங்களிடம் வாருங்கள். அம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வேண்டும். அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

இந்த மடலின் நகலைத் தரைப் பொதுப் போக்குவரத்து முகவாண்மைக்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கும் அனுப்புகிறேன். 1999-ம் வருடப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள நடுவர் மன்றத்தில் மனுப் போட ஐந்து ரிங்கிட்தான் கட்டணம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். எனக்கு அவ்வளவு தேவையில்லை, மேலே எழுதியது போதும். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அந்த ஐந்து ரிங்கிட்டைக் கட்டப் போகிறேன். மனுப் படிவம் நிரப்பி வைத்தாயிற்று.

அம்மா தைப்பூசம் முடிந்ததும் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். திரும்பிப் போக எந்த பஸ்ஸில் டிக்கெட் எடுப்பது என்று அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் பதில் மலாயிலேயே இருக்கட்டும், நான்கு வரியாகவே இருக்கட்டும். தைப்பூசத்துக்குப் பிறகு ஞாயிறு மாலை 6.30 பஸ் கடைசியாக எங்கே நிற்கும் என்பதை மட்டும் அதில் எழுதிவிடுங்கள், நிலையத்தின் பெயரோடு.

செந்தூலிலிருந்து,
ஒரு பயணியின் மகன்